இரவில் ஒலிக்கும் பக்கிகள்

அந்தி மயங்கிய பின்னர் ஊர்ப்புறச் சாலையில் செல்லுகையில், வண்டியின் விளக்கொளியில் மாணிக்கம் போன்ற இரு செந்நிறப் புள்ளிகள் தரையில் மின்னக் கண்ட நேயர்கள் இருக்கலாம். வண்டி நெருங்கியதும் ஓசையின்றி எழுந்து இருளில் மறையும் அப்பறவையை ஆந்தை என்றே பலரும் கருதுகின்றனர். அது ஆந்தை அன்று. பக்கி என்னும் பறவையாகும்.

ஆந்தைக்கு இரையைப் பற்றும் கூரிய நகங்களும் வளைந்த அலகும் உண்டு. பக்கிக்கோ கால்கள் குறுகியவை, வலுவற்றவை, அலகும் சிறிது. ஆயினும் அதன் வாய் மிக அகலமாகத் திறக்கும். பறந்தவாறே விட்டில்களையும் வண்டுகளையும் அவ்வாயால் பிடித்து விழுங்கும். ஆந்தை கிளையில் நிமிர்ந்து அமரும். பக்கி பெரும்பாலும் கிளையின் நீளவாட்டில் படுத்தாற்போல் அமரும்.

பக்கிகளுள் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிவது இதனினும் கடினம். எல்லாவற்றிற்கும் உலர்ந்த சருகின் நிறமே. ஆதலின் இங்குக் கண்ணைக் காட்டிலும் செவியே சிறந்த துணை.

நாட்டின் பெரும்பகுதியில் காணப்படுவது இந்தியப் பக்கி. சுமார் 24 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறிய பறவை இது. கெட்டித் தரையில் விழுந்த கோலிக்குண்டு துள்ளித் துள்ளி, வரவர விரைந்து அடங்குவது போன்றது இதன் குரல். தமிழகத்துச் சிற்றூரில் கேட்ட இதே குரலைத் தில்லிவாழ் நேயர்கள் அங்குள்ள முட்காடுகளிலும் கேட்கலாம்.

மலைக்காடுகளில் வாழும் காட்டுப் பக்கி இதனினும் பெரிது. அது ‘சக்கு, சக்கு’ என வேகம் மாறாது தொடர்ந்து ஒலிக்கும். வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் வாழும் நேயர்கள், மரப்பலகையைச் சுத்தியலால் விட்டுவிட்டு அடிப்பது போன்ற ஓசையைக் கேட்பின், அது சுமார் 33 சென்டிமீட்டர் நீளமுள்ள பெருவால் பக்கி என அறியலாம். புல்வெளிகளிலும் கற்பாங்கான வெளிகளிலும் பறந்தவாறே ‘ச்வீஸ்’ எனக் கூர்மையாகக் கூவுவது சவன்னா பக்கி. அதன் ஆண்பறவையின் வால் ஓரச்சிறகுகள் வெண்ணிறமானவை. பறக்கும்போது அவை தெளிவாகத் தோன்றும்.

இவ்வாறு இனம் காண்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. பக்கி கூடு கட்டுவதில்லை; வெறுந்தரையிலேயே பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். பகலில் மிதிபடும் அளவுக்கு நாம் நெருங்கும் வரை அசையாது அமர்ந்திருக்கும். இரவில் சாலை நடுவே அமரும் வழக்கத்தால் சக்கரங்களில் அகப்பட்டு மடிவதும் உண்டு. இரவில் கூவும் பறவை தீநிமித்தம் என்றஞ்சிக் கல்லெறிவது, பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் உயிரைத் துன்புறுத்துவதாகும்.

ஆதலின் குரல் எழும் இடத்தை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக. பகலில் அவ்வழியே செல்லும்போது சருகுகளிடையே கால் வைக்குமுன் சற்று நோக்குக. இரவில் சாலையில் செந்நிறப் புள்ளிகள் மின்னினால், அப்பறவை எழுந்து பறக்கும் வரை வண்டியின் வேகத்தைக் குறைத்திடுக.