பர்ன்அவுட் புகை எதற்கு?

கடலூர்–சிதம்பரம் சாலையில், செம்மங்குப்பத்தில் டீ குடிக்க ஒதுங்கும் பைக் தம்பிகள் கேட்பதுண்டு: "டயர் சூடானால் கிரிப் ஏறும்தானே அண்ணே? ரேஸில் புகை கிளப்பித்தானே கிளம்புகிறார்கள்?"

ரேஸில் அப்படித்தான். இருங்காட்டுக்கோட்டையில் தேசிய டிராக் (நேர்கோட்டு வேக) பந்தயமே நடக்கிறது. அதற்கு முன்னால் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் வண்டிகள் சீறின. ஆனால் பந்தய டயர் வேறு, தரையும் வேறு.

ரப்பர் ரோட்டை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஜல்லியின் மேடுபள்ளத்தில் அமுங்கிக் கவ்வுகிறது. தொட்ட இடத்தில் ஒட்டவும் செய்கிறது. டிராக் கார்களின் பெரிய மொட்டை டயர் மிக மிருதுவான ரப்பர் கலவை. சூடேறினால்தான் ஒட்டும். அதனால் தண்ணீர் தெளித்த இடத்தில் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்குவார்கள்; இதுதான் பர்ன்அவுட். ஈரத்தில் சுலபமாக வழுக்கிச் சுழலும். ஈரம் போனதும் உரசல் கூடி மேல்தோல் சூடாகும், ஒட்டியிருந்த மண்ணும் தூசியும் போய்விடும். தேய்ந்த ரப்பர் தரையில் கருப்புப் பூச்சாகப் படியும். தடத்தில் ஏற்கெனவே பசையும் அடித்திருப்பார்கள். கிளம்பும்போது ரப்பர் ரப்பரையே பிடிக்கிறது.

நம் பைக் டயர் பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கச் செய்தது, கெட்டியானது. அதைப் புகைய வைத்தால் மேல்தோல் கருகும். ஆறிய பிறகு நடுப்பகுதியைத் தடவிப் பாருங்கள்: ரப்பர் சுருள் சுருளாக உதிரும், நடு மட்டும் தட்டையாகியிருக்கும். அந்த டயர் வளைவில் சாயும்போது தட்டையின் விளிம்பில் ஏறி இறங்கும். வண்டி ஒரு சீராகச் சாயாது.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சக்கரம் வண்டியின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும்போதுதான் கிரிப் உச்சத்தில் இருக்கும். பத்து, இருபது சதவீத வழுக்கல் போதும். அதைத் தாண்டினால் இறங்கிவிடும். புகை வரும் நிலையில் பக்கவாட்டுப் பிடியும் ஏறக்குறைய போயிருக்கும். அதனால்தான் பின்பக்கம் சட்டென்று விலகி ஆளைச் சாய்க்கிறது.

கடலூர்–சிதம்பரம் சாலையில் பசை பூச யாருமில்லை. லாரி சிந்திய டீசல், மணல், அறுவடைக் காலத்தில் சில இடங்களில் ரோட்டில் காயும் உளுந்துச் செடி. எல்லாம் டயருக்கும் தாருக்கும் நடுவே புகுந்துகொள்ளும். ஐப்பசி மழையில் தண்ணீரை வெளியேற்றுவது டயரின் வரிப்பள்ளம்தான். புகையாகப் போவது அந்த வரியின் உயரம்.

டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்று அச்சிட்டிருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு தெரியும். வரி தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், மழைக்கு முன்னால் டயரை மாற்றிவிடுங்கள்.