பழைய செல்போன் படுத்துவிட்டதா? காசைக் கொட்டும் முன் கவனியுங்கள்!

விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்தில் இருந்து பெங்களூருக்கு ரயில் புறப்பட்டு விடுகிறது. சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறுகிறது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு தங்கவயலில் பல குடும்பங்களின் பிழைப்பு இந்த ரயிலை நம்பித்தான் நடக்கிறது.

சுரங்கம் ஓடிய காலத்தில் சங்கு ஊதினால் போதும்; ஊரே வேலைக்குக் கிளம்பும். இன்று அந்தச் சங்கின் வேலையைச் செல்போன் செய்கிறது. "நாளைக்கு வேலை உண்டு, வந்துவிடு" என்று மேஸ்திரி சொல்வது செல்போனில்தான். ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு பென்ஷன் பணம் வங்கியில் விழுந்த செய்தி வருவதும் அதில்தான். வங்கி அனுப்பும் ரகசிய எண் வராவிட்டால் கணக்கில் பணம் இருந்தும் பல காரியங்கள் நின்று போகும்.

அப்படிப்பட்ட செல்போன் ஒரு நாள் திடீரென்று படுத்து விட்டால்?

பலர் பதறிப் போய் கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதைத் தவணையில் வாங்கி விடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பழைய போனில் பழுதே இல்லை, அல்லது புதிய போன் தங்களுக்கு ஏற்றதில்லை என்று தெரிகிறது. ஒரு மாதக் கூலி போனது போனதுதான்!

கெட்டது எது?

செல்போன் வேலை செய்யவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கெட்டுப் போனது போனா, பேட்டரியா, சிக்னலா? இந்த மூன்றில் எது என்று தெரிந்து கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

சார்ஜ் ஏறவில்லையா? உடனே போனைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒயர்தான் உள்ளே அறுந்து போயிருக்கும். சார்ஜர் செருகும் துளையில் சட்டைப் பையின் பஞ்சும் தூசியும் அடைத்துக் கொள்வதும் உண்டு. போனை அணைத்து விட்டு, காய்ந்த மரக் குச்சியால் மெதுவாக எடுத்தால் சரியாகி விடும். குண்டூசி, ஹேர்பின் போட்டுக் குத்தக் கூடாது.

காலையில் முழு சார்ஜ் ஏற்றினாலும் மதியத்துக்குள் தீர்ந்து விடுகிறதா? அது பேட்டரி கிழடாகி விட்டதன் அறிகுறி. இன்றைய லித்தியம் பேட்டரிகள் பல நூறு முறை முழுதாக சார்ஜ் ஏறி இறங்கியதும் பலம் குறைந்து விடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் இது இயல்பாகவே வரும். பேட்டரியை மட்டும் மாற்றினால் அந்தப் போன் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.

பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக் கொண்டிருக்கிறதா? அப்படியானால் அதற்கு இனி ஒரு தடவைகூட சார்ஜ் போடாதீர்கள். கையால் அழுத்தி உள்ளே தள்ளுவதும், ஊசியால் குத்திக் காற்றை எடுப்பதும் உயிருக்கு ஆபத்து. தீப்பிடித்து விடும்.

4 கோடியே 60 லட்சம் பேட்டரி

பேட்டரி விஷயத்தில் பெரிய நிறுவனங்களே தடுமாறியது உண்டு. 2007-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நோக்கியா நிறுவனம் உலகத்துக்கே ஓர் அறிவிப்பு செய்தது. பி.எல்.5சி என்ற பேட்டரிகளில் ஒரு பகுதி சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம், அவற்றை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்பதே அந்த அறிவிப்பு. அப்படிச் சந்தேகத்துக்கு உள்ளானவை 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள்! அவை ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்து கொடுத்தவை. நம் நாட்டிலும் அப்போது ஒரே பரபரப்பு. தங்கள் பேட்டரியும் அதில் சேர்ந்ததா என்று மக்கள் எடுத்துப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

பெரிய நிறுவனத்தின் பேட்டரிக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத போலி பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் தலையணைக்கு அடியில் நெருப்பை வைத்துக்கொள்ளலாமா? பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். பேட்டரியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

போன் நன்றாக இருக்கிறது, பேச முடியவில்லை!

தங்கவயலில் பல பெரியவர்கள் இன்னும் பழைய பட்டன் போனைத்தான் வைத்திருக்கிறார்கள். 2003-ல் வந்த நோக்கியா 1100 போன் உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதன் தலையில் இருந்த டார்ச் விளக்குக்காகவே வாங்கியவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டு விட்டது. ஆனாலும் அந்தக் காலத்துப் போன்கள் கீழே விழுந்தும், மழையில் நனைந்தும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

போனுக்கு உயிர் இருந்தால் மட்டும் போதாது. அதோடு பேசும் கோபுரமும் இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல்.

செல்போன் சேவை 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்று தலைமுறை தலைமுறையாக மாறி வந்திருக்கிறது. 2016-ல் வந்த ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது. அந்த சிம் கார்டைப் பழைய பட்டன் போனில் போட்டால் சிக்னல் கோடு ஒன்றுகூட வராது. ஏர்டெல் 2020-ம் ஆண்டு வாக்கில் 3ஜி சேவையை நிறுத்திக் கொண்டது. அதனால் 3ஜி வரைக்கும் மட்டுமே தெரிந்த போன்களில் இன்டர்நெட் ஆமை வேகத்துக்கு வந்து விட்டது.

"பேரன் புது சிம் வாங்கிக் கொடுத்தான், போன் செத்துப் போச்சு" என்று ஒரு பெரியவர் சொன்னால் காரணம் இதுதான். போன் சாகவில்லை, அதன் பாஷை அந்தக் கோபுரத்துக்குப் புரியவில்லை. 2ஜி சேவை கொடுக்கும் நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் அந்தப் போன் மறுபடியும் மணி அடிக்கும்.

இதேபோல் வாட்ஸ்அப் திடீரென்று நின்று போனாலும் அது போனின் பழுது அல்ல. மிகப் பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு வாட்ஸ்அப் நிறுவனமே சேவையை நிறுத்தி விடுகிறது. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5-க்கு முந்தைய போன்கள் அப்படிக் கைவிடப்பட்டன. இதை எந்த மெக்கானிக்காலும் சரி செய்ய முடியாது. அதற்காக அவருக்குப் பணம் கொடுத்தால் வீண்தான்.

போனைவிட நம்பர் பெரிது

புது போன் வாங்கத்தான் வேண்டும் என்று முடிவாகி விட்டதா? சரி. ஆனால் பழைய நம்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள்!

போன் போனால் இன்னொன்று வாங்கலாம். நம்பர் போனால்? வங்கிக் கணக்கு, ஆதார், கியாஸ், பென்ஷன் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. போன் பழுது என்று சிம்மை அலமாரியில் போட்டு வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். தொடர்ந்து 90 நாள் ஒரு சிம்மைப் பயன்படுத்தாவிட்டால் அதன் சேவை துண்டிக்கப்படலாம். பிறகு அதே நம்பர் வேறு யாருக்கோ போய்ச் சேரும். உங்கள் வங்கியின் செய்தி முன்பின் தெரியாதவர் கையில்!

ஆகவே, புது போன் வாங்கும் வரை பழைய சிம்மை வீட்டில் உள்ள வேறு ஒரு போனில் போட்டு வையுங்கள். நிறுவனத்தை மாற்ற வேண்டுமானாலும் நம்பரை மாற்றத் தேவை இல்லை. அதே நம்பரோடு வேறு நிறுவனத்துக்குப் போகும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருக்கிறது.

யாருக்கு எது?

நல்ல போன் எது என்று கேட்பதைவிட, யாருக்கு என்று கேட்பதே சரி.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு 4ஜி பட்டன் போன் போதும். விலையும் குறைவு. பெரிய எழுத்து, உரத்த மணி, டார்ச், கழற்றி மாட்டும் பேட்டரி இருக்க வேண்டும். 4ஜியிலேயே பேசும் வசதி உண்டா என்று கேட்டுக் கொள்ளுங்கள். இன்னொன்று: கடையிலேயே அந்தப் போனுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். சில போன்களில் தமிழுக்குப் பதில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்! பணம் அனுப்ப ஸ்மார்ட் போன்தான் வேண்டும் என்பதும் இல்லை. பட்டன் போனில் இருந்தே பணம் அனுப்பும் வசதியை 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்தது.

தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிறவர்களுக்கு பேட்டரிதான் முக்கியம். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவருக்கு, கேமரா எத்தனை கண் வைத்திருந்து என்ன பயன்? 5,000 எம்.ஏ.எச். அளவுள்ள பேட்டரி ஒரு முழு நாளைத் தாங்கும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு வாங்கினால் நினைவகத்தையும், கம்பெனி எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு கொடுக்கும் என்பதையும் பாருங்கள். இன்று மலிவாகக் கிடைத்து, இரண்டு வருடத்தில் பயன்படாமல் போனால் அது மலிவு அல்ல.

எல்லோருக்கும் பொதுவான யோசனை ஒன்று. கோரமண்டலில் நன்றாக எடுக்கும் சிக்னல் மாரிகுப்பத்திலும் எடுக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் லைனில் எந்த கம்பெனி சிக்னல் வீட்டுக்குள் வருகிறது என்று பக்கத்து வீட்டில் விசாரித்து விட்டு வாங்குங்கள்.

பழைய போன் வாங்குகிறீர்களா?

ஒருவர் பயன்படுத்திய போனை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது திருட்டுப் போனாக இருந்தால் வம்பு உங்களைத் தேடி வரும்.

ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்று 15 இலக்க எண் உண்டு. போனில் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று வரிசையாக அழுத்தினால் அது தெரியும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளையும், ஓர் இடம் விட்டு அந்த 15 இலக்க எண்ணையும் அடித்து, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். போனின் விவரம் பதிலாக வரும். திருட்டுப் புகாரால் முடக்கப்பட்ட போனா என்பதும் தெரிந்து விடும். உங்கள் போன் தொலைந்தாலும் 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் செயல்படும் சஞ்சார் சாத்தி இணையதளம் மூலம் அதை முடக்கலாம். அதற்கு இந்த எண் தேவை. இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். கடைக்காரர் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

செத்த போனிலும் தங்கம்!

கடைசியாக, உபயோகமற்றுப் போன போனை என்ன செய்வது? குப்பையில் போடாதீர்கள். அதில் தங்கம் இருக்கிறது!

இது கட்டுக்கதை அல்ல. செல்போனின் உள்ளே இருக்கும் இணைப்புகளில் துருப்பிடிக்காமல் இருக்கத் தங்கம் பூசுகிறார்கள். 2006-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் சொன்ன கணக்குப்படி ஒரு போனில் சுமார் 34 மில்லிகிராம் தங்கம் உண்டு. பேட்டரி நீக்கிய செல்போன்கள் ஒரு டன் சேர்ந்தால் சுமார் 300 கிராம்! நம் தங்கவயல் சுரங்கம் மூடப்படும் காலத்தில் ஒரு டன் பாறைக்குக் கிடைத்தது சுமார் 3 கிராம்தான்.

உடனே ஆசிட் வாங்கி வந்து வீட்டிலேயே தங்கம் எடுக்க இறங்கி விடாதீர்கள். ஒரு போனில் கிடைப்பது ஒரு குண்டுமணிக்குக்கூடக் காணாது. கிளம்பும் புகையோ நுரையீரலை அரிக்கும். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் நஞ்சு என்ன செய்யும் என்பதை சயனைடு மேட்டுப் புழுதியைச் சுவாசித்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மின்னணுக் கழிவு பற்றிய புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. போன் தயாரித்த கம்பெனிகளுக்கே அந்தக் கழிவில் பொறுப்பு உண்டு. கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் கொடுத்து விடுங்கள்.

கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி எடுங்கள். வங்கிச் செயலிகளையும் படங்களையும் முழுவதும் அழியுங்கள். அப்படியும் மோசடியில் பணம் போய் விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

கடையில் மின்னுவதெல்லாம் உங்களுக்கு வேண்டியது அல்ல. கையில் அணைந்ததெல்லாம் செத்ததும் அல்ல. வியர்வை சிந்திய காசு. சோதித்துப் பார்த்துச் செலவு செய்யுங்கள்!