புதுக் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ்: டி.டி.பி. கடைகள் விடாப்பிடியாக இருப்பது ஏன்?

பெரியகுளத்திலிருந்து வத்தலக்குண்டு போகிற வழியில் இருக்கிறது தேவதானப்பட்டி. மஞ்சளாறு அணை, மாந்தோப்புகள், மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில் என்று ஊருக்கு அடையாளங்கள் உண்டு. அந்தக் கோயிலின் கருவறைக் கதவு எப்போதும் மூடியேதான் இருக்கும்; மூடிய கதவுக்குத்தான் பூஜை. மகா சிவராத்திரி வந்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் அங்கேதான்.

திருவிழா என்றால் நோட்டீஸ் உண்டு. முகூர்த்த மாதம் என்றால் பத்திரிகை உண்டு. காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ரசீது புத்தகம் என்று இதுபோன்ற ஊர்களின் எழுத்து வேலையை எல்லாம் தாங்குவது டி.டி.பி. கடைகள். அப்படி ஒரு கடையின் கம்ப்யூட்டர், முகூர்த்த நாளுக்கு நான்கு நாள் முன்னால் மூச்சை நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். மதர்போர்டு போய்விட்டது. கடைக்காரர் தேனிக்கு ஓடிப் போய்ப் புதுசு வாங்கி வந்துவிட்டார். அதில் விண்டோஸ் 11 பளபளவென்று நிற்கிறது. சர்வீஸ் செய்ய வந்த பையனிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்: "தம்பி, இதை எடுத்துட்டு நம்ம பழைய விண்டோஸையே போட்டுக் குடுத்துரு."

பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தெரியும். புதுக் கார் வாங்கி அதில் பழைய அம்பாசடர் இன்ஜினைப் பொருத்தச் சொல்கிறாரே என்று தோன்றும். ஆனால் அவர் பிடிவாதக்காரர் இல்லை. அவருடைய இருபது வருஷச் சொத்து அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அதைத் திறக்கிற சாவி பழைய விண்டோஸில் இருக்கிறது.

'அம்மா' எங்கே போனாள்?

பேஜ்மேக்கர் என்ற மென்பொருளை ஆல்டஸ் நிறுவனம் 1985-ல் வெளியிட்டது. 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-ல் பேஜ்மேக்கர் 7 வந்தது; அதோடு சரி, அடுத்த பதிப்பு வரவே இல்லை. 2004-ல் அதை மேம்படுத்தும் வேலையையே அடோபி நிறுத்திவிட்டு, இன்டிசைன் பக்கம் போய்விட்டது. தமிழ்நாட்டு அச்சகங்களோ பேஜ்மேக்கரை விடவில்லை. பழகிய கை, இலகுவான மென்பொருள், சின்னக் கம்ப்யூட்டரிலும் ஓடும். வேறென்ன வேண்டும்?

சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய எழுத்துருக்களைக் கொண்டுதான் அதில் தமிழ் வேலை நடந்தது. உதாரணமாக, பாமினி எழுத்துருவில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால், கம்ப்யூட்டர் உள்ளே சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. பாமினி இருக்கும்வரை திரையில் அம்மா தெரிவாள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அதே கோப்பைத் திறந்தால் அம்மா காணாமல் போய், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும்.

பாமினி ஒன்று மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. இந்தக் குழப்பத்தை ஒழுங்குசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் அங்கிருந்து வந்தவை. அடுத்த ஆண்டே விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அச்சு வேலைகளுக்காக டேஸ் 16 முறையையும் ஏற்றது. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் அதற்குள் கடைகளில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் பழைய முறையில் அடித்து வைக்கப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு, சில தமிழ் மென்பொருள்கள் 'டாங்கிள்' என்ற சின்னப் பூட்டோடு வந்தன. அது கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்தால்தான் மென்பொருள் வேலை செய்யும். அந்தப் பூட்டைப் புது விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்றால், காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் கிடப்பில்தான்.

போன வருஷத் திருவிழா நோட்டீஸைத் திறந்து, தேதியை மாற்றி, புது உபயதாரர் பெயரைச் சேர்த்து அரை மணி நேரத்தில் கொடுத்துவிடுவதுதான் இந்தத் தொழிலின் லாபம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அடித்த கோப்பு, இரண்டாம் ஆண்டுக்கும் வேண்டும். இவற்றோடு கோயில் தல வரலாறு, பள்ளி ஆண்டு மலர், உள்ளூர் வாத்தியார் சொந்தக் காசில் போட்ட கவிதைப் புத்தகம் எல்லாம் அதே டிஸ்க்கில்தான் கிடக்கும். அச்சடித்த பிரதிகள் கரையான் தின்று போயிருந்தால், மிச்சம் இந்தக் கோப்பு ஒன்றே.

நகராத மவுஸ்

சரி, பழைய விண்டோஸைப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? அங்கேதான் அடுத்த கூத்து ஆரம்பம்.

எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். அதற்குப் பிறகு வந்த வன்பொருள் எதையும் அது பார்த்ததில்லை. ஒவ்வொரு உறுப்போடும் பேச விண்டோஸுக்கு 'டிரைவர்' என்ற துபாஷி தேவை. துபாஷி இல்லையென்றால் பக்கத்திலேயே இருக்கும் டிஸ்க்கும் கண்ணுக்குத் தெரியாது. சாட்டா டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் எக்ஸ்பியைப் போட்டவர்களுக்கு, 7பி என்று முடியும் எண்ணோடு வரும் நீலத்திரை நன்றாகவே நினைவிருக்கும். 'நான் எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்பினேன் என்றே தெரியவில்லை' என்று எக்ஸ்பி கைவிரிக்கிற இடம் அது. ஒரு காலத்தில் பயாஸுக்குள் போய் டிஸ்க்கை 'ஐ.டி.இ.' முறைக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளலாம். இப்போதைய போர்டுகளில் அந்த வசதியைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம்.

விண்டோஸ் 7-ன் கதை இன்னும் வேடிக்கை. நிறுவல் திரை அழகாக வரும். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். "அண்ணே, மவுஸ் நகர மாட்டேங்குது" என்பான் பையன். கீபோர்டும் வேலை செய்யாது. காரணம் இதுதான்: 2015-ல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறையோடு பழைய வகை யு.எஸ்.பி. கட்டுப்பாட்டுச் சில்லு போய்விட்டது. 2009-ல் பிறந்த விண்டோஸ் 7-க்குப் புது வகை யு.எஸ்.பி.க்கான டிரைவர் கைவசம் கிடையாது. அந்த டிரைவரை நிறுவல் டிஸ்க்குக்குள் முன்கூட்டியே திணித்துக்கொண்டு வர வேண்டும். அல்லது உருண்டை முனை கொண்ட பழைய கீபோர்டைச் செருகும் துளை போர்டில் இருக்க வேண்டும்.

அதைத் தாண்டினால் என்.வி.எம்.இ. டிஸ்க். அதற்கும் விண்டோஸ் 7-ல் தனியாக ஒரு திருத்தக் கோப்பு சேர்க்க வேண்டும். அதையும் தாண்டினால் துவக்க முறை. எக்ஸ்பிக்குப் பழைய பயாஸ் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பழைய முறையை 2020-க்குள் கைவிடப் போவதாக இன்டெல் 2017-லேயே சொல்லிவிட்டது. ஆக, இன்றைய புது லேப்டாப் ஒன்றில் எக்ஸ்பியை நேரடியாகப் போடுவது, சாவித் துவாரமே இல்லாத பூட்டில் சாவியைத் திருகுகிற கதை.

எல்லாம் கூடிவந்து ஏறிவிட்டது என்றே வையுங்கள். திரையின் டிரைவர் கிடைக்காமல் எழுத்தெல்லாம் ஊதிப்போய்த் தெரியும். வைஃபை இருக்காது. 32 பிட் எக்ஸ்பி என்றால், 16 ஜி.பி. ரேம் போட்டிருந்தாலும் 4 ஜி.பி.யைக்கூட முழுதாகத் தொடாது. கூகுள் குரோம் எக்ஸ்பியை 2016-லும் விண்டோஸ் 7-ஐ 2023-லும் கைவிட்டுவிட்டது. இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை வாசகத்தை அனுப்புவது வாட்ஸ்அப்பில். அதைத் திறக்கப் புது பிரவுசர் வேண்டும். பழைய விண்டோஸில் பத்திரிகை அடிக்கலாம். வாசகத்தை வாங்க முடியாது!

இதைவிடப் பெரிய ஆபத்து பாதுகாப்பு. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிந்தது. 2017 மே மாதம் 'வானாகிரை' வைரஸ் உலகம் முழுக்கக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, கைவிட்டுவிட்ட எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. நம்முடைய ஏ.டி.எம். இயந்திரங்களிலேயே எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது. அவற்றையெல்லாம் 2019 ஜூனுக்குள் ஆதரவு உள்ள இயங்குதளத்துக்கு மாற்றச் சொல்லி, ரிசர்வ் வங்கி 2018-ல் வங்கிகளுக்குக் கெடு விதித்தது. வங்கிக்கே கெடு என்றால், ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கிக் கணக்கும் பார்க்கிற கடைக் கம்ப்யூட்டருக்கு என்ன பாதுகாப்பு?

புது வன்பொருளில் ஏறுவதற்கென்றே யாரோ திருத்தி, இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கும் விண்டோஸ் பதிப்புகளும் கிடைக்கின்றன. தொடவே வேண்டாம். உள்ளே என்ன புதைத்திருக்கிறார்கள் என்பது போட்டவருக்கே வெளிச்சம்.

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்

அப்படியானால் கடைக்காரர் என்னதான் செய்வது?

முதலில், பழைய மென்பொருளைப் புது விண்டோஸிலேயே போட்டுப் பார்க்கலாம். பேஜ்மேக்கர் 7 சில கம்ப்யூட்டர்களில் 'கம்பாட்டிபிலிட்டி' அமைப்பை மாற்றினால் ஓடிவிடும். ஆனால் டாஸ் காலத்து 16 பிட் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். 16 பிட் நிரல்களை அது சீண்டாது.

இரண்டாவது வழிதான் பெரும்பாலானோருக்கு நல்லது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் புது விண்டோஸில் நிறுவினால், அதற்குள் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உருவாக்கலாம். அந்தக் கற்பனைக் கம்ப்யூட்டரின் டிஸ்க், திரை, மவுஸ் எல்லாம் பழைய பாணியில் இருப்பதால் எக்ஸ்பியும் விண்டோஸ் 7-ம் முணுமுணுக்காமல் ஏறிக்கொள்ளும். நீலத்திரையும் இல்லை, நகராத மவுஸும் இல்லை. இது குறுக்குவழி என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். விண்டோஸ் 7 வந்தபோது, பழைய மென்பொருள்களுக்காக 'எக்ஸ்பி மோடு' என்று மைக்ரோசாஃப்டே இதே உத்தியைத்தான் கொடுத்தது. உரிமம் உள்ள பழைய சி.டி.யும் அதன் சாவி எண்ணும் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பழைய விண்டோஸுக்கு இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கோப்புகளைப் பரிமாற ஒரு பொது ஃபோல்டரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் வெளியே, பேஜ்மேக்கர் உள்ளே.

மூன்றாவது வழி பல வீடுகளில் பீரோவுக்கு மேலேயே கிடக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மடிக்கணினிகளைத்தான் சொல்கிறோம். பேட்டரி செத்திருக்கும். சார்ஜரைச் செருகினால் கிளம்புகிறதா என்று பாருங்கள். கிளம்பினால், பழைய கோப்புகளைத் திறக்க அதுவே போதும். இணையத்தில் மட்டும் இணைக்க வேண்டாம்.

ஆனால் இந்த மூன்றும் தவணை வாங்குகிற வேலைதான். எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றாதவரை, அடுத்த மதர்போர்டு போகும்போது இதே ஓட்டம்தான். பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைன் சி.எஸ்.6 வரையிலான பதிப்புகள் திறக்கும். அதற்குப் பிந்தையவை திறக்காது. இன்டிசைன் இல்லாதவர்கள் பேஜ்மேக்கரிலிருந்து எழுத்தை மட்டும் நகலெடுத்து, நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் கொடுத்தால் யூனிகோடாக வந்துவிடும். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடித்தது என்று சரியாகச் சொல்ல வேண்டும். பாமினியை டாப் என்று சொல்லிவிட்டால் வருவது தமிழாக இருக்காது.

மாற்றியதும் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஸ்ரீ, க்ஷ போன்ற கிரந்த எழுத்துகளும், நடுவில் வரும் ஆங்கில இனிஷியல்களும் முதலில் உதை வாங்கும். செல்போன் நம்பர் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்த முகவரி, மாற்றியபின் தமிழ் எழுத்துக் குவியலாக நிற்கும். உபயதாரர் பட்டியலைப் பழைய அச்சுப் பிரதியோடு வைத்து ஒருவர் வாசிக்க, ஒருவர் திரையில் சரிபார்ப்பது நல்லது. தினம் பத்துக் கோப்பு என்று வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வருகிற திருவிழா நோட்டீஸ்களிலிருந்தும் வேறு பிரதியே இல்லாத தல வரலாற்றிலிருந்தும் ஆரம்பிக்கலாம். முடித்த கோப்புகளை ஆண்டுவாரியாகப் பெயரிட்டு இரண்டு டிஸ்க்கில் வைக்கவும். எந்த எழுத்துருவில் அடித்தார்களோ, அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வைக்கவும். பழைய மூலக் கோப்பை மட்டும் அழித்துவிட வேண்டாம்.