மந்திரப் பொருள்களும் ஆட்ட விதிகளும்

கதையில் வரும் மாயக் கணையாழிக்கும் மந்திரக்கோலுக்கும் எவரும் கணக்குக் கேட்பதில்லை. அவையே ஓர் ஆட்டத்துக்குள் புகுந்துவிட்டால், எத்தனை முறை, எவ்வளவு நேரத்தில், எவர் கையில் என்று ஒவ்வொன்றுக்கும் விடை வேண்டியிருக்கிறது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் இயற்றி வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தைப் பற்றியே கூறப் புகுந்தோம். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு, வாய்மொழியாலேயே கதையை நடத்துவர். ஒருவர் நடுவராக இருப்பார். ஐயமான செயலின் முடிவைப் பகடை கூறும். வேலையின் பொருட்டு வெளி மாநிலத்தில் தங்கி, பல மொழி நண்பர்களோடு இதனை ஆடும் நேயர்களுக்கு இவ்விளக்கம் பயன்படலாம்.

உயிர் ஊசலாடும் இடத்திலிருந்தே தொடங்குவோம். தோழன் ஒருவன் வலுவெல்லாம் இழந்து வீழ்ந்து கிடக்கிறான். தன் முறை வரும்போதெல்லாம் அவன் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றி முந்தினால் நிலைபெறுவான்; மூன்று தோல்வி முந்தினால் மாள்வான். அருகில் நிற்கும் நம் கையில் குணமாக்கும் மந்திர மருந்து இருக்கிறது. அதை அவன் வாயில் ஊற்றிவிட்டு, அதே முறையில் பகைவனை வாளால் வெட்டவும் இயலுமா?

2014-ஆம் ஆண்டு விதிநூலின்படி பொதுவாக இயலாது. மருந்தைக் குடிப்பதோ புகட்டுவதோ அம்முறைக்குரிய முதன்மைச் செயலையே விழுங்கிவிடும். 2024-இல் திருத்திய நூலில் அது துணைச் செயலாயிற்று. ஐந்தடிக்குள் இருப்பவனுக்குப் புகட்டிவிட்டு வாளும் வீசலாம். ஆகவே, எந்த நூலைக் கொண்டு ஆடுகிறோம் என்பதை அமரும்போதே முடிவு செய்துகொள்ளல் வேண்டும். தோழன் வீழ்ந்தபின் நூலைத் தேடினால் மனத்தாங்கலே மிஞ்சும்.

அடுத்தது 'அட்யூன்மென்ட்', பிணைப்பு எனலாம். ஆற்றல் மிக்க பொருள்கள் பல, உரியவரோடு பிணைந்த பின்னரே முழுப் பயன் தரும். பிணைவதற்கு ஒரு மணி நேர ஓய்வில் அப்பொருளிலேயே கருத்தூன்ற வேண்டும். போரில் ஒரு சுற்று என்பது ஆறே வினாடி! ஆதலின் சண்டைக்கு நடுவே கண்டெடுத்த அத்தகைய வாளால் வெட்டலாமேயன்றி அதன் மாயத்தை எழுப்ப முடியாது. ஒருவர் ஒரே காலத்தில் மூன்று பொருள்களோடு மட்டுமே பிணையலாம். இவ்வரம்பு இல்லையேல் செல்வம் படைத்தவனே எல்லாப் போரையும் வென்றுவிடுவான். எமக்கு மிகவும் பிடித்த விதி இதுவே. சாபம் ஏறிய பொருளாயின், சாபம் நீங்கும் வரை பிணைப்பை விருப்பம்போல் அறுத்துக்கொள்ளவும் இயலாது.

மந்திரக்கோல் உடையவர், 'மந்திரம் செய்வது கோல்தானே, நாமா?' என்று வாதிப்பதுண்டு. மந்திரவாதியின் சொந்த மந்திரச் சேமிப்பு குறையாது என்பது மெய்யே. ஆயினும் மன ஒருமைப்பாடு தேவைப்படும் மந்திரமாயின் அதனைக் கோலை ஏந்தியவரே தாங்க வேண்டும். அத்தகைய மந்திரம் முன்பே ஒன்று நடந்துகொண்டிருந்தால் அது அறுபடும். மாயக் கணைகளை எய்யும் கோலுக்கு ஏழு விசைகள் உண்டு. விடியலில் அவற்றுட் சில மீளும். கடைசி விசையையும் செலவிட்டு, பகடையில் ஒன்று விழுந்துவிட்டால் கோல் சாம்பலாகிவிடும். எனவே சிக்கனக்காரர் ஆறோடு நிறுத்திக்கொள்வர்.

நூல் பேசாத இடத்தில் நடுவர் சொல்வதே தீர்ப்பு. அதனை ஓர் ஏட்டில் குறித்துவைப்பது நன்று. நாளை பகைவனின் இடுப்பிலும் அதே மருந்துக் குப்பி தொங்கக்கூடும்.