மழை நாளில் கேமராவைப் பூட்டி வைக்காதீர்கள்

நவம்பர் பிறந்ததும் நம்மில் பலர் கேமராவைத் துடைத்து அலமாரிக்குள் வைத்துவிடுகிறோம். "மழை விடட்டும், பார்க்கலாம்" என்று ஒரு சமாதானம். சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமான பகுதி டிசம்பர், ஜனவரி மாதங்களில் வருகிறது. சில சமயம் இரண்டு, மூன்று நாட்கள் விடாமல் தூறிக்கொண்டே இருக்கும். ஆனால் வடக்கே பனியும் குளிரும் தாங்காமல் இடம்பெயரும் பறவைகள் நம் கரையில் இறங்கியிருப்பதும் இதே மாதங்களில்தான். மழை விடக் காத்திருந்தால் அந்த விருந்தாளிகளைப் பார்க்காமலேயே வழியனுப்ப வேண்டியதுதான்.

"வெயில் இல்லாமல் படம் நன்றாக வருமா?" என்று கேட்பவர்கள் அதிகம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு நடுப்பகல் வெயில்தான் தொல்லை. கொக்கின் வெள்ளை வெளுத்துப்போய் இறகே தெரியாது. அலகுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். மேகம் மூடிய நாளில் வானமே ஒரு பெரிய வெள்ளைத் துணி போல வெளிச்சத்தைப் பரப்பிவிடுகிறது. நிழல் மென்மையாகிறது. மழையில் நனைந்த மரப்பட்டை கறுத்துவிடுவதால் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் மாங்குயிலின் மஞ்சள் தனியாக எடுத்துக் காட்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாங்குயிலின் மஞ்சள் அது உண்ணும் உணவிலிருந்து சேரும் நிறமி. எந்த வெளிச்சத்திலும் மஞ்சளாகவே இருக்கும். ஆண் தேன்சிட்டின் கழுத்தில் மின்னும் நீலம் அப்படியல்ல. அங்கே நீலச் சாயம் எதுவும் இல்லை. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது நீலமாகத் தெரிகிறது. கோணம் மாறினால் கறுப்பாகிவிடும். ஆகவே மப்பு நாளில் தேன்சிட்டைப் பார்த்ததும் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். வெளிச்சம் வரும் பக்கம் அது கழுத்தைத் திருப்பும் வரை பொறுத்திருங்கள்.

வெளிச்சம் குறைவு என்பதால் ஐஎஸ்ஓ அளவை 1600, 3200 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும், ஆடிப்போன படத்தை எந்த மென்பொருளும் திருத்தாது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு விநாடியில் 500-ல் ஒரு பங்கு போதும். பறப்பதற்கு 2000-ல் ஒரு பங்காவது வேண்டும். மழைத்துளி கோடு கோடாக விழ வேண்டும் என்றால் 60-ல் ஒரு பங்குக்கு இறங்கலாம், பறவை அசையாமல் இருந்தால். சாம்பல் வானத்துக்கு எதிரே இருக்கும் பறவை கறுப்பாக விழும் என்பதால் ஒரு படி வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கொக்குக்கு அதற்கு மாறாகச் சற்றுக் குறையுங்கள்.

நடைவழியில் ஒரு காடு

வீட்டுக்கு வெளியே கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறீர்களா? எலுமிச்சைச் செடி? அப்படியானால் எங்கும் போக வேண்டியதில்லை. இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் சுண்டி எறிந்துவிடாதீர்கள். பட்டாம்பூச்சியின் இளம் புழு அப்படித்தான் வேடம் போடும். வளர்ந்ததும் பச்சையாக மாறி இலையோடு இலையாகிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு போல ஒரு சிவந்த உறுப்பை நீட்டி நாற்றத்தை வீசும். அதைப் படம் எடுக்க ஆசைப்பட்டு மீண்டும் மீண்டும் சீண்ட வேண்டாம். கூட்டுப்புழுவானபின் தினமும் காலையில் ஒரு பார்வை போதும். கூட்டின் தோல் வழியே இறக்கையின் நிறம் தெரிந்தால் மறுநாள் விடியலில் கேமராவோடு காத்திருக்கலாம். வெளியே வந்ததும் இறக்கை விரிந்து உலரும் வரை அது பறக்காது. கைப்பேசியிலேயே அழகான படம் கிடைக்கும். சமையலுக்குக் கொஞ்சம் கறிவேப்பிலை குறையும், அவ்வளவுதான்.

தேன்சிட்டும் நடைவழிக்கு வரும். பூச்செடியிலோ துணிக்கம்பியிலோ பை போலத் தொங்கும் கூட்டைக் கட்டும். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுக் காகிதப்பூச் செடியில் அப்படி ஒரு கூடு. வாசலுக்கு முன்னால் இரண்டு மூன்று இலைகள் மறைத்தன. நான் கத்தரிக்கோலை எடுத்து அவற்றை வெட்டினேன். குஞ்சுகள் வாயைத் திறந்த படம் மிக நன்றாக வந்தது. அன்று மாலை காற்றோடு சாரல் அடித்தது. மறுநாள் கூடு நனைந்து கிடந்தது. தாய்ப்பறவை வரவில்லை. செடிக்குச் சொந்தக்கார அக்கா என்னைத் திட்டவில்லை. "இலைய ஏன் தம்பி வெட்டினே? அதானே அதுக்குக் கூரை" என்றார். அந்தப் படத்தை நான் இன்றுவரை யாருக்கும் அனுப்பியதில்லை.

கூட்டைக் கண்டால் தூரத்திலிருந்து ஓரிரு படம் எடுத்துவிட்டு விலகிவிடுவதே நல்லது. இலை பறவைக்குக் குடை மட்டுமல்ல, காகத்தின் கண்ணிலிருந்து மறைக்கும் திரையும் அதுதான். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

சுங்கை பூலோவில் நீர் ஏறும் நேரம்

சதுப்புநிலம் என்றால் சுங்கை பூலோதான் என் முதல் தேர்வு. முன்பு இறால், மீன் பண்ணைகள் இருந்த இடம். 1986-ல் பறவை ஆர்வலர்கள் அதன் அருமையைக் கண்டு அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். 1993 டிசம்பரில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002-ல் 130 ஹெக்டர் பரப்புடன் இயற்கைக் காப்பகமானது. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் பறவைப் பாதையில் அது ஒரு தங்குமடம்.

அங்கே போகிறவர்கள் வானிலையைப் பார்க்கிறார்கள், கடல் ஏற்றத்தைப் பார்ப்பதில்லை. அதனால்தான் "ஒரு பறவையும் இல்லை" என்று திரும்புகிறார்கள். நீர் வற்றியிருக்கும்போது உள்ளான், உப்புக்கொத்தி எல்லாம் வெளியே சேற்றுவெளியில் சிதறி இரை தேடிக்கொண்டிருக்கும். நீர் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் காப்பகத்தின் குளங்களுக்குள் கூட்டமாக வந்து ஓய்வெடுக்கும். குளங்களின் நீர்மட்டத்தை மதகு வைத்து ஆழம் குறைவாக வைத்திருப்பது அவற்றுக்காகவே. ஆகவே உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மறைவுக் குடிலில் உட்கார்ந்துவிடுங்கள். குடிலுக்குக் கூரை இருப்பதால் மழையும் கவலையில்லை. செங்காலும் பச்சைக்காலும் வளைந்த நீள அலகும் ஒரே சட்டத்தில் கிடைக்கும். நீர் இறங்கியபின் பலகைப் பாதையிலிருந்து சேற்றில் தாவும் மீன்களை எடுக்கலாம். உடும்பு பாதைக்கே வரும், வழிவிட்டு நில்லுங்கள். முதலையும் உண்டு. பாதையை விட்டு இறங்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பறவை திரும்பிப் போக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இருக்கிறது. உடம்பில் அது சேர்க்கும் கொழுப்புதான் அதற்கு எரிபொருள். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அதில் கொஞ்சத்தை நாம் செலவழிக்கிறோம். மீன்கொத்தியை வரவழைக்கச் சந்தையில் வாங்கிய மீனைத் தண்ணீரில் விடுவதும் கூடாது. 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, காட்டுயிர்களுக்கு உணவளித்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை.

கேமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் மூடியைத் திறந்தால் கண்ணாடி பனிமூட்டமாகிவிடும். துடைத்தாலும் மீண்டும் படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு வெளிச்சூட்டுக்குப் பழக்குங்கள். மழைக்கு விலையுயர்ந்த உறை தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் லென்ஸுக்கு ஓட்டை போட்டு ரப்பர் வளையம் மாட்டினால் போதும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து உலர் பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். பெட்டி இல்லாதவர்கள் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். ஈரத்தோடு தோல் பைக்குள் அடைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் வலை பின்னும். என் பழைய லென்ஸ் ஒன்று அப்படித்தான் போனது.

பிப்ரவரியில் மழை குறைந்துவிடும். அப்போதும் ஒருமுறை சுங்கை பூலோவுக்குப் போங்கள். பழுப்பாக வந்த உப்புக்கொத்திகள் சில, மார்ச் நெருங்க நெருங்க வயிற்றில் கறுப்பு திட்டுத் திட்டாக ஏறி இனப்பெருக்கக் கோலத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். டிசம்பரில் எடுத்த படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பறவை என்று பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.