கார் ஷெட்டில் காருக்கு இடம் உண்டா?

எங்கள் தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் பக்கம் காலை நடைக்குப் போகும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கோயில் கற்களில் பழைய தமிழ் எழுத்துகளைப் பார்த்த மகிழ்ச்சியோடு வெளியே வந்தால், தெருவின் இரு பக்கமும் கார்கள். அநேகமாக வீட்டுக்கு வீடு கார் ஷெட் இருக்கிறது. ஆனால் கார் மட்டும் வெளியே நிற்கிறது. உள்ளே இடமில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சில வருடங்களுக்கு முன்பு வரை என் காரும் தெருவில்தான் நின்றது. ஒரு நாள் இரவு எதிர்வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலி வந்து ஆம்புலன்ஸை அழைத்தார்கள். அது தெருமுனை வரை வந்தது, திரும்ப முடியவில்லை. நாங்கள் நான்கு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார். திரும்பி வரும்போதுதான் பார்த்தேன், முனையில் வழியை அடைத்து நின்ற கார்களில் ஒன்று என்னுடையது.

மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன்.

ரயில்வேயில் ‘ஷெட்யூல் ஆஃப் டைமென்ஷன்ஸ்’ என்று ஒரு புத்தகம் உண்டு. அகலப் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1676 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன்மேல் ஓடும் வண்டி 3250 மில்லிமீட்டர் வரை அகலம் இருக்கலாம். வண்டி ஆடும், வளைவில் சாயும். அதற்கும் சேர்த்து இடம் விட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு கிழித்திருப்பார்கள். சிக்னல் கம்பமோ, மரக்கிளையோ, புதிதாகக் கட்டும் சுவரோ அந்தக் கோட்டுக்குள் வரக் கூடாது. அங்கே முதலில் வண்டிக்கு இடம், மிச்சம்தான் மற்றதற்கு. நம் வீடுகளில் இது தலைகீழ். சாமான்களை வைத்த பிறகு மிச்சம் இருந்தால் காருக்கு.

30-க்கு 40 மனையில் கட்டிய எங்கள் வீட்டில் ஷெட் 10 அடி அகலம், 18 அடி நீளம். அதாவது 3.05 மீட்டருக்கு 5.49 மீட்டர். வீடு கட்டியபோது இருந்த மாருதி 800-இன் அகலம் 1.44 மீட்டர். இப்போதுள்ள ஸ்விஃப்டின் அகலம் 1.73 மீட்டருக்கும் சற்று அதிகம். கண்ணாடிகளை மடக்காவிட்டால் இன்னும் கூடும். ஷெட் அப்படியே இருக்கிறது, கார்தான் ஓர் அடி பெருத்துவிட்டது. ஆனால் நீளத்தில் நமக்கு ஒரு சௌகரியம். 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தபோது 4 மீட்டர் நீளத்தை எல்லையாக வைத்தார்கள். அதனால் நம் குடும்பங்களில் உள்ள பல கார்கள் அந்த அளவுக்குள் அடங்கியவை. கணக்குப் போட்டால் பக்கவாட்டில் இடம் கிடையாது. பின்சுவர் ஓரத்தில் ஒன்றரை மீட்டர் சும்மா கிடக்கிறது. நாம் சாமான்களை அடுக்குவதோ பக்கச் சுவரில்!

ஆகவே முதல் வேலை, ஷெட்டைக் காலி செய்வதுகூட அல்ல; கோடு போடுவது. காரை உள்ளே விட்டு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, நம் வயதுக்கு முழங்கால் மடக்கி இறங்க எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். எனக்கு இரண்டரை அடி வேண்டியிருந்தது. இடப்பக்கம் உட்காருபவர் வெளியிலேயே இறங்கிவிடலாம். சாக்பீஸால் குறித்து, பிறகு மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். முன்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் தரையோடு ஒரு மரக்கட்டையை போல்ட் போட்டு இறுக்கினேன். ஸ்டேஷனில் பாதை முடியும் இடத்தில் இருக்கும் பஃபர் போலத்தான். பின்சுவரில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் ராக். எஸ்.பி. ரோட்டில் அளவு சொன்னால் வெட்டிக் கொடுப்பார்கள். ராக்குக்கும் காருக்கும் நடுவே ஆள் நிற்க ஏறக்குறைய மூன்றடி கிடைத்தது.

இனி சாமான்கள். கஷ்டமான பகுதி இதுதான். ஊரில் ஒரு வீட்டை மூடும் ஒவ்வொரு முறையும், அதில் பாதி பெங்களூர் கார் ஷெட்டுக்கு வந்து சேருகிறது. எங்கள் ஷெட்டில் திருச்சி வீட்டு ஆட்டுக்கல், இரண்டு தகரப் பெட்டிகள், கொலுப்படிகள், என் டிரான்ஸ்பர்களில் கூடவே வந்த மரப்பெட்டிகள், அமெரிக்காவில் இருக்கும் மகனின் கல்லூரிப் புத்தகங்கள், ஓடாத சைக்கிள் எல்லாம் இருந்தன. ரயில்வே ஸ்டோர்ஸில் இரண்டு வருடமாக யாரும் கேட்டு வாங்காத சரக்கைத் தனியே பிரித்துப் பார்ப்பார்கள். நானும் ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டுக் கட்டப் போனேன். “ஏங்க, அத்தையோட ஆட்டுக்கல்லுக்குமா சீட்டு?” என்றாள் மனைவி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

ஒரு வழி தோன்றியது. அம்மாவின் பொருள் என்றால் வீட்டுக்குள் வரட்டும், இல்லையேல் வாசலுக்கு வரட்டும். இருட்டில் தார்ப்பாயின் கீழ் கிடப்பது மரியாதை அல்ல. ஆட்டுக்கல் இப்போது கேட் ஓரம், பறவைகளுக்குத் தண்ணீரோடு. (தினம் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு.) ஒரு தகரப் பெட்டி படுக்கையறையில். கொலுப்படிகள் வருடத்துக்கு ஒரு முறைதான் தேவை என்பதால் ஷெட்டிலேயே ஆளுயரத்துக்கு மேல் பிராக்கெட் அடித்து ஏற்றிவிட்டோம். மகனிடம் போனில் கேட்டேன். “அதெல்லாம் இன்னுமா வெச்சிருக்கீங்கப்பா?” என்றான். காயலான் கடைக்காரர் மூன்று நடை வந்தார்.

ஸ்பானர், திருப்புளிகளுக்குப் பொன்மலை முறை. பணிமனையில் ஒவ்வொரு கருவிக்கும் பித்தளை டோக்கன் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். டோக்கன் ஆணியில் தொங்கினால் சாமான் யாரிடம் என்று தெரியும். வீட்டில் டோக்கன் வேண்டாம். பலகையில் ஆணி அடித்து, கருவியின் வடிவத்தைப் பெயிண்டால் வரைந்தால் போதும். இல்லாதது எது என்று பலகையே காட்டும்.

அட்டைப்பெட்டிகளைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் கிரேட் வாங்குங்கள். அட்டையும் பழைய பேப்பரும் எலி கூடு கட்ட வசதியானவை; அங்கே குடியேறினால் காரின் வயரைக் கடிக்காமல் விடாது.

பெங்களூருக்கே உரிய ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இங்கே பல வீடுகளில் குடிதண்ணீர் ‘சம்ப்’ கார் ஷெட்டின் தரைக்கு அடியில்தான் இருக்கிறது. அதன் மூடிமேல்தான் பெயிண்ட் டின், பூச்சி மருந்து, பழைய ஆயில் கேன் எல்லாம்! தரையைக் கழுவும்போது அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசியுங்கள். மூடிக்கு ரப்பர் வைத்து இறுக்குங்கள். சக்கரம் அதன்மேல் ஏறாதபடியும், எஞ்சின் அதற்கு நேர் மேலே நிற்காதபடியும் கோட்டைப் போடுங்கள். ஆயில், மருந்து வகைகளை ராக்கின் கீழ்த்தட்டில் ஒரு டிரேயில் வையுங்கள். குழந்தைகள் வரும் வீடானால் பூட்டிய பெட்டியில்.

உபரி கேஸ் சிலிண்டரையும் ஷெட்டில் வைக்க வேண்டாம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் போய்த் தங்கும். சம்ப்பும் ஒரு பள்ளமே. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜனோ மேலே போவது. அதற்கு ஷட்டருக்கு மேல் ஜாலி இருக்க வேண்டும். மழைச்சாரல் வருகிறது என்று அடைத்துவிடாதீர்கள். ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்சினை ஓட விடுவது ஒரு நிமிடமானாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மொத்தம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஐந்தாவது வாரம் காரை உள்ளே விட்டேன். முதல் நாள் மரக்கட்டையில் இடித்துத்தான் நின்றது. எதிர்வீட்டுப் பெரியவரின் மகன் மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டு டேப்பைக் கடன் வாங்கிப் போனார். அவர்கள் ஷெட் ஒன்பதடிதான். ராக்கைப் பின்சுவரில் மட்டும், தலைக்கு மேல் போட்டால் சரிவருமா என்று இந்த ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும்.