பட்டம் பெற்றோர் அனைவரும் ஆசிரியர் ஆவரோ?

திருகோணமலைத் துறைமுகத்தினுள் நுழையும் பெரிய கப்பலொன்றை எண்ணிப் பாருங்கள். அதன் தலைவர் பல கடல்களைக் கடந்து வந்தவராயிருக்கலாம். ஆயினும், இத்துறையின் ஆழமும் பாறையும் நீரோட்டமும் அறிந்த வழிகாட்டி ஒருவர் ஏறிய பின்னரே கப்பல் உள்ளே வருதல் முறை. தலைவருடைய அறிவைக் குறைத்து மதிப்பதனால் எழுந்த விதியன்று இது. கடலை அறிதல் ஒன்று; கரை சேர்த்தல் வேறொன்று என்பதே அதன் கருத்து.

மருத்துவப் பட்டம் பெற்றவர் உடனே தனித்து மருத்துவம் செய்ய நம் நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. ஓராண்டு காலம் வைத்தியசாலையில் மூத்தோரின் கண்காணிப்பிற் பணிபுரிந்த பின்னரே அவர் முழுமையாகப் பதிவு பெறுகின்றார். சட்டப் பட்டம் பெற்றவரும் சட்டக் கல்லூரியின் தேர்வுகளைக் கடந்து, உயர் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த பின்னரே வழக்கறிஞராகின்றார். ஆனால் ஆசிரியத் தொழிலில் நிலைமை வேறு. கணிதத்திலோ வரலாற்றிலோ பட்டம் பெற்ற ஒருவர், போட்டிப் பரீட்சையிலும் நேர்முகப் பரீட்சையிலும் செயன்முறைத் தேர்விலும் தேறி நியமனம் பெற்றால், ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாமலே நாற்பது பிள்ளைகளின் முன்னே நிற்கலாம். பயிற்சியை அவர் பின்னர்ப் பெற்றுக்கொள்ளலாம். அந்தப் ‘பின்னர்’ என்னும் சொல்லுக்குள் எத்தனை பிள்ளைகளின் எத்தனை ஆண்டுகள் அடங்கியுள்ளன என்பதே பெற்றோர் சிந்திக்கத்தக்க வினா.

நன்னூலார் வகுத்த தகைமை

ஆசிரியருக்குத் தகைமை வகுத்தல் மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்திலக்கணம் தொடங்குமுன் பாயிரத்திலேயே ஆசிரியர் யார், ஆசிரியர் ஆகத்தகாதவர் யார் என்பதை வரையறுத்தார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கையும் உவமை கூறினார். உழுபவனின் முயற்சிக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பயன் தருவது நிலம். அளவிட இயலாத பொருள்வளம் உடையது மலை. ஐயம் நீக்கி நடுவுநிலையில் நிற்பது துலாக்கோல். உரிய காலத்தில் மலர்ந்து யாவரும் விரும்ப நிற்பது மலர்.

இந்நான்கனுள் மலை ஒன்றே பாட அறிவைப் பெரிதும் குறிப்பது. மாணாக்கரின் இயல்பறிந்து ஈதல், நடுநின்று மதிப்பிடுதல், இனிய ஒழுகலாறு ஆகியவை ஏனைய மூன்றிலும் அடங்கும். பல்கலைக்கழகப் பட்டம் மலையைத் தரலாம். மற்ற மூன்றையும் எங்கே பெறுவது?

ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் காட்டிய உவமைகள் இன்னும் கூர்மையானவை. கழற்சிக்காய் நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையிற் காய்கள் வெளிவரா. முன்னே இட்டது பின்னும், பின்னே இட்டது முன்னுமாய் உருளும். பாட ஆயத்தமின்றி, தாம் கற்றவற்றை நினைவு வந்த ஒழுங்கிற் கொட்டுபவர் இத்தகையவர். பஞ்சு அடைத்த குண்டிகையில் அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது; சிறிது சிறிதாகவே வெளிவரும். கற்பிக்கும் முறை அறியாதவர் இவ்வகையினர். மட்டைகள் சூழ்ந்த பனைமரம் எவரையும் ஏறவிடாது. கனி தானே விழுந்தால் உண்டு. மாணாக்கர் நெருங்கி வினாவ அஞ்சும் ஆசிரியரை இது சுட்டும். வளைந்து வளர்ந்த தென்னையோ, நீர் வார்த்தவன் முற்றத்தை விட்டு அடுத்தவன் வளவில் தேங்காயைச் சொரியும். பாடசாலையில் ஊதியம் பெற்று, மாலை நேரத் தனியார் வகுப்பில் மட்டும் மனமாரக் கற்பிப்போரைக் கண்டவர்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டின் மூன்று வாயில்கள்

இலங்கையில் ஒருவர் பயிற்றப்பட்ட ஆசிரியராவதற்கு இன்று மூன்று வாயில்கள் உள்ளன.

முதலாவது, ஆசிரியர் கலாசாலை. இது மூன்றனுள் மூத்தது. ஏற்கெனவே பணியிலிருக்கும் பயிற்றப்படாத ஆசிரியர்கள் ஈராண்டு அங்கே பயின்று சான்றிதழ் பெறுகின்றனர். கோப்பாய், மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை ஆகிய ஊர்களின் கலாசாலைகளைத் தமிழ்மொழி மூல ஆசிரியர் பலர் நன்கறிவர்.

இரண்டாவது, தேசிய கல்வியியற் கல்லூரி. 1986 ஆம் ஆண்டின் சட்டத்தால் இக்கல்லூரிகள் சட்டவலுப் பெற்றன. க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்தோர் இங்கே சேர்ந்து, ஈராண்டு விடுதியில் தங்கிப் பயின்று, மூன்றாம் ஆண்டு முழுவதையும் ஒரு பாடசாலையிற் கட்டுறுப் பயிற்சியாகக் கழித்த பின்னரே தேசிய கற்பித்தல் டிப்ளோமாவையும் நியமனத்தையும் பெறுகின்றனர். பயிற்சி முன்னும் நியமனம் பின்னுமாக அமைந்திருப்பதே இவ்வாயிலின் சிறப்பு.

மூன்றாவது, பல்கலைக்கழக வாயில். 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1949 இற் கல்வித்துறையை நிறுவியது முதல், பட்டதாரிகள் பட்டப்பின் கல்வி டிப்ளோமா பெறும் வழி திறந்தது. இன்று கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களும் திறந்த பல்கலைக்கழகமும் இதனை வழங்குகின்றன. 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்ற மகரகமத் தேசிய கல்வி நிறுவகமும் ஆசிரியருக்கான கற்கைகளை நடத்துகின்றது. கல்வியியலையே முதற்பட்டமாகப் பயிலும் கல்விமாணிக் கற்கையும் உண்டு.

இவற்றை அரசு எவ்வாறு நெறிப்படுத்துகின்றது? பல்கலைக்கழகக் கற்கைகள் 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மேற்பார்வையில் உள்ளன. இலங்கைத் தகைமைச் சட்டகம் பட்டப்பின் டிப்ளோமாவை எட்டாம் படியில் வைத்து, அதற்குக் குறைந்தது 25 திறமைப் புள்ளிகள் வேண்டுமென்று விதிக்கின்றது. ஒரு புள்ளி என்பது மாணவர் செலவிடவேண்டிய 50 மணி நேர உழைப்பைக் குறிக்கும். எனவே இது 1250 மணி நேரப் பயிற்சி. கையெழுத்திட்டுப் பெறும் காகிதமன்று. ஆசிரியரை எத்தகைமையில் எந்தத் தரத்திற் சேர்ப்பது, எத்தகைமையால் உயர்த்துவது என்பவற்றை இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு வரையறுக்கின்றது. பட்டத்துடன் தொழிற்றகைமையும் உடையவர் உயர்ந்த தரத்திற் சேரலாம். பட்டம் மட்டும் உடையவர் தாழ்ந்த தரத்திற் சேர்ந்து பின்னர் உயரலாம். பயிற்சி வேண்டுமென்பதை அரசு ஏற்றுக்கொண்டுள்ளது. அதனை வகுப்பறைக்குச் செல்லுமுன் பெறவேண்டுமென்பதை மட்டும் பட்டதாரிகள் திறத்தில் வற்புறுத்தவில்லை.

பயிற்சியிற் பயில்வது யாது?

‘பாடம் தெரிந்தவனுக்குப் படிப்பிக்கத் தெரியாதா?’ என்று கேட்போர் உளர். இயல்பாகவே கற்பிக்கும் ஆற்றல் உடையோர் உண்டு என்பது உண்மை. ஆனால் இயற்கையாகவே குரல்வளம் உடையவரும் இசை பயில்கின்றார் அன்றோ?

கல்வி டிப்ளோமாவிற் கல்வித் தத்துவம், கல்வி உளவியல், கல்விச் சமூகவியல், அளவீடும் மதிப்பீடும், வழிகாட்டலும் ஆலோசனையும், பாடக் கற்பித்தல் முறைகள் ஆகியன இடம்பெறுகின்றன. இவற்றோடு கற்பித்தற் பயிற்சியும் உண்டு. விரிவுரையாளர் பின்வாங்கில் அமர்ந்து பார்க்க, பயிலுநர் வெண்கட்டியைக் கையில் எடுத்துக் கற்பிக்கின்றார்.

இதன் பயனை ஓர் உதாரணத்தாற் காணலாம். ஐந்தில் இரண்டும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எத்தனை என்று வினவினால், மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி, எட்டில் மூன்று என்று விடை எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. பயிற்சியற்றவர் அதனைப் பிழை என்று வெட்டிவிட்டுச் சரியான முறையை மீண்டும் உரைப்பார். பயிற்சி பெற்றவரோ, பின்னத்தை ஒரே எண்ணாகக் காணாது இரண்டு தனி எண்களாகப் பிள்ளை காண்கின்றது என்பதை உணர்ந்து, ஒரு தாளை மடித்துக் காட்டி அந்த எண்ணத்தைத் திருத்துவார். இருவருக்கும் பின்னக் கணக்குத் தெரியும். பிள்ளையின் மனத்திலே என்ன நிகழ்கின்றது என்பது ஒருவருக்கே தெரியும்.

பிறநாட்டு வழக்கங்கள்

இந்தியாவில் 1993 ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய ஆசிரியர் கல்விக் குழு நிறுவப்பெற்றது. பி.எட். கற்கையை ஈராண்டாக்கி, அதனுள் 20 வாரப் பாடசாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய விதிகள் 2014 இல் வந்தன. அதற்குமுன், உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி வர்மா ஆணைக்குழு 2012 இல் ஆசிரியர் கல்வியின் குறைகளை ஆராய்ந்து அறிக்கை தந்திருந்தது. விதி மட்டும் இருந்து மேற்பார்வை தளர்ந்தால், பயிற்சிக் கல்லூரி சான்றிதழ்க் கடையாகிவிடும் என்பது இந்தியா நமக்குத் தரும் பாடம்.

அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலம் 1970 இல் ஆசிரியர் தகுதிச் சான்றுக்கெனத் தனி ஆணைக்குழு அமைத்தது. பல்கலைக்கழகம் ஒன்று ஆசிரியரைப் பயிற்ற விரும்பினால் அவ்வாணைக்குழுவின் ஒப்புதலைப் பெறவேண்டும். பயிலுநர் 600 மணி நேரம் பாடசாலையிற் செயன்முறைப் பயிற்சி பெறவேண்டும். பின்லாந்தோ, 1970களில் ஆசிரியப் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றி, முதுமாணிப் பட்டத்தையே ஆசிரியத் தகைமையாக்கியது. அங்கே வைத்தியபீடத்துக்குப் போதனா வைத்தியசாலை இருப்பதுபோலக் கல்விப் பீடங்களுக்குப் பயிற்சிப் பாடசாலைகள் உள்ளன.

கோணமலையின் நிலை

இத்தகைய பயிற்சியின் அருமையை உணர்ந்த பெரியார் ஒருவர் நம் ஊரோடு தொடர்புடையவர். சுவாமி விபுலாநந்தர், மயில்வாகனனார் என்னும் இளைஞராயிருந்தபோது, மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் கற்பித்த அனுபவம் அவருக்கு இருந்தது. அது போதுமென்று அவர் அமைந்துவிடவில்லை. 1911 இற் கொழும்பு அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து பயின்றார். விஞ்ஞான டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும், இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் அதன் பின்னர் வந்தவை. துறவு பூண்டு மீண்ட பிறகு திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவியை முதன்முதல் வகித்தவரும் அவரே. அத்துணைப் பேரறிஞரும் ஆசிரியப் பயிற்சியைத் தமக்கு வேண்டாததென்று எண்ணவில்லை.

இன்றைய நிலையை நோக்குவோம். கிழக்கு மாகாணக் கல்வி நிருவாகத்தின் தலைமையிடம் திருகோணமலை. மாவட்டத்திலே ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. ஆயினும் தேசிய கல்வியியற் கல்லூரி ஒன்றும் இங்கில்லை. மாகாணத்தில் உள்ளவை மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் இருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் நிலாவெளி வீதியிலே கோணேசபுரியில் அமைந்திருப்பினும், கல்வித்துறை இருப்பது வந்தாறுமூலையில். 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் பயணம் இலகுவாயிற்று எனினும், வாரமெல்லாம் கற்பித்துவிட்டு வார இறுதியில் நெடுந்தூரம் சென்று பயில்வது, சிறு பிள்ளைகளுள்ள ஆசிரியைக்கு எளிதன்று.

புதிதாக நியமனம் பெறுவோரை முதலிற் கஷ்டப் பிரதேசங்களுக்கு அனுப்புதல் வழக்கம். ஆகவே வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் குச்சவெளியின் ஒதுக்குப்புறங்களிலும் உள்ள பிள்ளைகளே, பயிற்சி பெறுமுன் உள்ள ஆசிரியரைப் பெரும்பாலும் காண்கின்றனர். அவர் அனுபவமும் டிப்ளோமாவும் பெற்று முதிரும்போது இடமாற்றமும் வந்துவிடுகின்றது. நீர் வார்த்த முற்றம் வறிதே இருக்க, காய் வேறு வளவில் விழுகின்றது. இங்கே வளைந்து நிற்பது ஆசிரியரன்று. ஏற்பாடே வளைந்து நிற்கின்றது.

செய்யத்தக்கவை

‘ஏழைக் குடும்பத்துப் பட்டதாரி, ஊதியமின்றி இன்னும் ஓராண்டு காத்திருக்க முடியுமா?’ என்பது நியாயமான வினா. காத்திருக்கச் சொல்லவேண்டியதில்லை. நியமனம் பெற்ற நாள் முதல் ஊதியம் வழங்கி, முதற் சில மாதங்களைப் பயிற்சிக்கென ஒதுக்கலாம். முதலாண்டிற் பாடவேளைகளைக் குறைத்து, மூத்த ஆசிரியர் ஒருவரின் துணையோடு கற்பிக்கச் செய்யலாம். கல்வியியற் கல்லூரி மாணவருக்கு ஓராண்டுக் கட்டுறுப் பயிற்சி வேண்டுமென்று கருதும் அரசு, பட்டதாரிக்கு அதில் ஒரு பகுதியேனும் வேண்டுமென்று கருதுதல் முரணாகாது. கோணேசபுரி வளாகத்திலே கல்வித்துறையொன்றை அமைத்து, நகரிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் சில பாடசாலைகளைப் பயிற்சிப் பாடசாலைகளாக ஏற்பின், ஒதுக்குப்புறப் பாடசாலைகளுக்கும் அதன் பயன் சேரும்.

ஆசிரியராக விரும்பும் மாணாக்கருக்கு ஒரு சொல். உயர்தரம் முடித்தவுடன் கல்வியியற் கல்லூரி, கல்விமாணிப் பட்டம், பாடப் பட்டத்தின் பின் டிப்ளோமா என்னும் வழிகளை இப்போதே ஒப்பிட்டு நோக்குக. பட்டத்தின்பின் நியமனம் தாமதித்தால், அக்காலத்தைக் கல்வி டிப்ளோமாவிற் செலவிடுக.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் ஆசிரியர் என்ன பட்டம் பெற்றவர் என்று வினவுகின்றீர்கள். அவர் எங்கே பயிற்சி பெற்றார், பெறாதவராயின் அதற்குப் பாடசாலை என்ன வசதி செய்துள்ளது என்பதையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வினவுங்கள். அவ்வினா ஆசிரியரைக் குறைகூறுவதற்கன்று. அவருக்கு உரியதை அவருக்குப் பெற்றுத் தருவதற்கு. ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை ஒருமுறையே படிக்கின்றது. ஆசிரியர் பயிற்சி பெற்று மீளும்வரை அந்த ஆண்டு காத்து நிற்பதில்லை.